கவுண்டரில் கூடிப்போன 191 வெள்ளி



கொஞ்சம் நீளமான பதிவு. முடிஞ்சா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. பாதியில் நிறுத்திட்டு பகிர வேண்டாம். பாதியில் நின்னா தப்பான ஆள் மேலேயே பழி நிற்கும்.

ஆடி பிறந்ததிலிருந்து நம்ம கோயில் அன்னதான கவுண்டரில் உட்காரும் அங்கிளைப் பற்றி தாமானில் ஒரு பேச்சு ஓடுது. "ரசீது போடாம காசு வாங்கினாராம்", "செயலவை அவரை நிறுத்திடுச்சாம்" என்று. பேசினவங்களைக் குறை சொல்ல நாங்க வரல. அந்தப் பேச்சு கிளம்பக் காரணமே நாங்கள்தான். நாங்கள் என்றால், கவுண்டரில் டேப்லெட்டும் பிரிண்டரும் வச்சு ரசீது புரோகிராம் எழுதிக் கொடுத்த இளைஞர் பிரிவு மூணு பேர். அங்கிள் ஒரு காசு தப்பு பண்ணல. தப்பு எங்க புரோகிராமில், ஒரே ஒரு வரியில் இருந்தது.

அங்கிளிடம் கேட்டுத்தான் எழுதுறோம். "எழுதுங்கப்பா, ஆனா என் பேரைப் போடாதீங்க" என்றார். எங்க மூணு பேரில் அந்த வரியை எழுதினது யார் என்று கேட்காதீங்க. ஒருத்தர் தட்டினோம், ரெண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து "சரி" என்று சொன்னோம்.

முன்னாடி எல்லாம் கார்பன் தாள் வச்ச ரசீது புத்தகம்தான். ராத்திரி பூஜை முடிஞ்சு பொருளாளர் கால்குலேட்டரோட உட்கார்ந்தார்னா வீட்டுக்குப் போக பதினோரு மணி ஆகும். அதனால போன வருஷம் நாங்க ஒரு புரோகிராம் எழுதினோம். கவுண்டரில் பேரும் தொகையும் தட்டினா ரசீது அச்சாகும். சாயங்காலம் ஒரு பொத்தானை அமுக்கினா அன்னைக்குக் கொடுத்தவங்க பேர், தொகை, கடைசியில் மொத்தம் எல்லாம் ஒரே தாளில் வந்துடும். அந்தத் தாளை வச்சுத்தான் ஆண்டி மைக்கில் பேர் படிப்பாங்க, பொருளாளர் காசை எண்ணி ஒப்பிடுவார்.

எழுதின மொழி ஹாஸ்கெல். "எக்செல் போதாதா?" என்று அப்பவே பலர் கேட்டாங்க. போதும்தான். ஆனா எங்களில் ஒருத்தர் பல்கலைக்கழகத்தில் இதைப் படிச்சு, அதிலேயே ஊறிப்போனவர். 1990-இல் முதல் வடிவம் வந்த மொழி. ஹாஸ்கெல் கறி என்ற அமெரிக்கத் தர்க்கவியல் அறிஞரின் பேரைத்தான் அதுக்கு வச்சிருக்காங்க. இதை மடப்பள்ளியில் சொன்னப்போ ஆண்டிங்க "கறியா? கோயில்லயா?" என்று சிரிச்ச சிரிப்பு இன்னும் அடங்கல. இது 'ஃபங்ஷனல்' வகை மொழி. மற்ற மொழிகளில் ஒரு பெட்டியில் 10 என்று போட்டு, அப்புறம் அதையே 20 என்று மாத்தலாம். இதில் ஒன்றை எழுதிட்டா அழிச்சு எழுத முடியாது, பழைய கணக்குப்பிள்ளை பேரேடு மாதிரி அடுத்த வரியில்தான் எழுதணும். வகை பொருந்தாம எதையாவது எழுதினா கம்பைலர் உடனே மறுத்துடும். அந்த மொழிக்காரங்க மத்தியில் ஒரு பேச்சு உண்டு: கம்பைல் ஆயிடுச்சுன்னா வேலை செய்யும் என்று. அதை நாங்க வேதவாக்கா எடுத்துக்கிட்டோம்.

சித்ரா பௌர்ணமி அன்னைக்கு முதல் சிக்கல் வந்தது. கூட்டத்தில் லைன் விட்டு விட்டு வந்ததால், டேப்லெட் அனுப்பின ரசீதையே திரும்பவும் அனுப்பி, ஒரே ரசீது ரெண்டு தடவை பதிவாயிடுச்சு. தாளில் மொத்தம் கூட, கையில் காசு குறைவு. அன்னைக்கே கண்டுபிடிச்சுத் திருத்திட்டோம். ரசீதுகளை அதுவரைக்கும் வெறும் பட்டியலா வச்சிருந்தோம். அதை 'செட்' என்ற அமைப்புக்கு மாத்தினோம். செட் என்றால் ஒரே பொருள் அதில் ஒரு தடவைதான் இருக்கும். "இன்னைக்கு யார் யார் வந்தாங்க" என்ற பட்டியல் மாதிரி. ஒருத்தர் நாலு தடவை வெளியே போய் உள்ளே வந்தாலும் பேர் ஒரு தடவைதான். ஒவ்வொரு ரசீதுக்கும் தனி எண் இருக்கிறதால, அதே எண்ணோட ரெண்டாவது தடவை வந்தா செட் தானா ஒதுக்கிடும். அழகான தீர்வு என்று நினைச்சோம், இப்பவும் அந்தப் பகுதி சரிதான்.

அதுக்கப்புறம் ஒரு நல்ல மாற்றமும் வந்தது. வந்த வரிசையில் இருந்த பேர்கள் தாளில் அகர வரிசையில் வர ஆரம்பிச்சுது. மைக்கில் படிக்கிற ஆண்டி, "இப்பதான்ப்பா தேட சுலபமா இருக்கு" என்று பாராட்டினாங்க. நாங்க அப்படி எதுவும் செய்யவே இல்லை. ஆனா பாராட்டை வாங்கிக்கிட்டோம். "ஏன் அப்படி வருது?" என்று அன்னைக்கே ஒருத்தர் கேட்டிருந்தா இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

அடுத்த சில வாரங்களில் காசு கூடுதலா வர ஆரம்பிச்சுது. ஒரு வெள்ளிக்கிழமை 5 வெள்ளி, இன்னொரு வெள்ளிக்கிழமை 20 வெள்ளி, சில வாரம் ஒன்றுமே இல்லை. "அம்மன் போட்டிருப்பா" என்று பொருளாளர் சிரிச்சுக்கிட்டே 'அடையாளம் தெரியாத வரவு' என்று தனி வரியில் எழுதி வச்சார். ஆடி முதல் வெள்ளி அன்னைக்கு சிரிப்பு நின்னுடுச்சு. தாளில் உள்ள மொத்தத்தைவிடப் பெட்டியில் 191 வெள்ளி கூட.

குறைஞ்சா சில்லறை மாத்திக் கொடுத்திருப்பாங்க என்று விட்டுடலாம். கோயில் கணக்கில் கூடுதல்தான் ஆபத்து. ரசீது இல்லாம காசு பெட்டிக்குள்ளே வந்திருக்குன்னா, ரசீது இல்லாம எவ்வளவு வெளியே போயிருக்கும் என்ற கேள்வி தானா வந்துடும். ஞாயிற்றுக்கிழமை செயலவை கூட்டத்தில் அதைத்தான் கேட்டாங்க. அங்கிள் எழுந்து, "வந்தவங்க எல்லாருக்கும் ரசீது அடிச்சேன். என் புத்தகத்துலயும் எழுதியிருக்கேன்" என்றார். அவர் 555 புத்தகம் வச்சிருப்பார், மளிகைக் கடையில் கடன் எழுதுவாங்களே, அந்தச் சின்னப் புத்தகம்தான். டேப்லெட்டில் தட்டின கையோட அதிலும் பென்சிலால் ஒரு வரி எழுதிடுவார். "ரெட்டை வேலை எதுக்கு அங்கிள்?" என்று நாங்களே கிண்டல் பண்ணியிருக்கோம்.

அந்தப் புத்தகத்தை யாரும் வாங்கிப் பார்க்கல. எங்களைத்தான் கேட்டாங்க: "புரோகிராமில் பிழை இருக்க வாய்ப்பு உண்டா?"

"இல்லை" என்றோம்.

யோசிக்கக்கூட இல்லை. கம்பைலர், வகை, சோதனை என்று நாலு வார்த்தை பேசினோம். புரியாதவங்க முன்னாடி புரியாத வார்த்தை பேசினா அது சாட்சி மாதிரி ஆயிடும். அங்கிள் எங்களை ஒரு பார்வை பார்த்தார். கவுண்டர் சாவியை மேசையில் வச்சார். கோயிலுக்கு வராமலும் இருக்கல. அடுத்த வெள்ளி மடப்பள்ளிக்குப் பின்னாடி ஒரு மூட்டை வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அந்த ரெண்டாவது வெள்ளி கவுண்டரில் உட்கார்ந்தது நாங்கள். மூணு பேரும் மாறி மாறி. மழை, அதனால கூட்டம் குறைவு. எல்லாருக்கும் ரசீது கொடுத்தோம், ஒருத்தரையும் விடல. ராத்திரி பொருளாளர் எண்ணி முடிச்சுட்டு எங்களைப் பார்த்தார்.

65 வெள்ளி கூட.

அந்த நிமிஷம் வயித்துல என்னமோ செஞ்சுது. பொருளாளர் ஒன்றும் சொல்லல, அவர் சொல்லவும் தேவை இல்லை. அன்னைக்கு அங்கிள் கவுண்டர் பக்கமே வரல.

நேரா மாமாக் கடைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தோம். முதலில் டேப்லெட் அனுப்பின ரசீதுகள் சேர்ந்திருக்கிற கோப்பைப் பார்த்தோம். 98 ரசீது, எண்களில் ஒரு இடைவெளிகூட இல்லை. கால்குலேட்டரில் கூட்டினோம். பெட்டியில் இருந்த காசோட அச்சு அசலா சரி. இந்த வேலையைக் கூட்டத்துக்கு முன்னாடியே செஞ்சிருக்கணும். அஞ்சு நிமிஷ வேலை.

ஆக, கோப்பு சரி, காசு சரி, தாள்தான் தப்பு. தாளில் வரிகளை எண்ணினோம்: 91. ஏழு வரி எங்கேயோ போயிடுச்சு.

எந்த ஏழு? கோப்பில் இருந்து தாளில் இல்லாத பேர்களைக் காட்டு என்று ஒரு வரி எழுதி ஓட்டினோம். வெறுமையா வந்தது. ஒரு பேர்கூட விடுபடல. ஏழு ரசீதைக் காணோம், ஆனா எல்லார் பேரும் இருக்கு! இப்போ படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இதுக்குள்ளே விஷயம் புரிஞ்சிருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு, மூணாவது தே தாரிக்கில், எங்களுக்குப் புரியல. சோதிக்கிற வரியிலும் தப்பு இருக்குமோ என்று அதையே சந்தேகப்பட்டோம்.

புரோகிராம் போற வழியெல்லாம் 'டிரேஸ்' வச்சுப் பார்த்தோம். டிரேஸ் என்றால், ஒவ்வொரு இடத்திலும் இப்போ இங்கே இருக்கேன், கையில் இது இருக்கு என்று அதைச் சொல்ல வைக்கிறது. மற்ற மொழியில் இது சுலபம். ஹாஸ்கெல் ஒரு சோம்பேறி மொழி. திட்டல, அதை விவரிக்கிற வார்த்தையே அதுதான். ஒரு விடை யாருக்காவது தேவைப்பட்டால்தான் அது கணக்குப் போடும். எங்க பிரிவில் சில பேர் பந்தல் வேலைக்கு வர்ற மாதிரி, கூப்பிட்டாத்தான் வருவாங்க. அதனால மேலே எழுதின டிரேஸ் கடைசியில் வருது, கீழே எழுதினது முதலில் வருது, ஒன்று வரவே இல்லை. தலை சுத்தினதுதான் மிச்சம்.

அப்புறம் குவிக்செக். சுவீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் கோன் கிளாசன், ஜான் ஹியூஸ் என்ற ரெண்டு பேர் உருவாக்கி 2000-இல் வெளியிட்ட சோதனைக் கருவி. 'இது எப்பவும் உண்மையா இருக்கணும்' என்று ஒரு விதியை நாம் சொன்னால் போதும், அது தானா விதவிதமா தரவு உருவாக்கி விதியை உடைக்கப் பார்க்கும். எங்க விதி எளிமையானது: தாளின் மொத்தமும் ரசீதுகளின் மொத்தமும் ஒன்றா இருக்கணும். ஓட்டினோம். 100 சோதனை, நூறும் தேர்ச்சி. திரும்ப ஓட்டினோம், அதேதான். கோயிலில் வாராவாரம் தப்பும் புரோகிராம் மாமாக் கடையில் நூற்றுக்கு நூறு வாங்குது.

சனிக்கிழமை சாயங்காலம் வேற வழி தெரியாம அங்கிளிடம் போனோம். வெங்காயம்தான் உரிச்சிக்கிட்டிருந்தார். "அங்கிள், அந்த 555 புத்தகம் கொஞ்சம் வேணும்" என்றோம். ஏன் என்று கேட்கல. கையைத் துடைச்சிட்டு சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கொடுக்கல, கையிலேயே வச்சுக்கிட்டார். "நான் படிக்கிறேன், நீங்க தாளில் டிக் போடுங்க."

ஆடி முதல் வெள்ளியின் தாள். அவர் ஒவ்வொரு வரியா படிக்க, நாங்க தேடி டிக் போட்டோம். அகர வரிசை என்பதால் சீக்கிரம் கிடைச்சுது. முப்பது நாப்பது வரி போயிருக்கும்.

"லெட்சுமி, பத்து வெள்ளி."

"அது டிக் போட்டாச்சு அங்கிள். முன்னாடியே படிச்சிட்டீங்க."

அவர் கண்ணாடியை ஏத்திப் பார்த்தார். "முன்னாடி படிச்சது பழைய லயத்து லெட்சுமி. இது பாலத்துக்குப் பக்கத்து வீட்டு லெட்சுமி."

நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். தாளில் 'லெட்சுமி, 10' என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது.

அங்கிள் 31 வருஷம் தபால்காரர். இந்த தாமான் ரப்பர் தோட்டமா இருந்தப்பவே சைக்கிளில் கடிதம் கொண்டு போனவர். "தோட்டத்துல எத்தனை லெட்சுமி, எத்தனை முனியாண்டி தெரியுமா? பேரை மட்டும் பார்த்துக் கடுதாசி குடுத்தா அன்னைக்கே என்னை வேலையை விட்டுத் தூக்கியிருப்பான்" என்று சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டார். எங்களுக்குத்தான் அடுத்த வரி காதில் விழல.

143 வரியும் படிச்சு முடிச்சோம். தாளில் இல்லாதது 17. பதினேழுக்கும் அதே பேர், அதே தொகையில் இன்னொரு வரி தாளில் இருந்தது. பன்னிரண்டு 10 வெள்ளி, நாலு 5 வெள்ளி, ஒரு 51 வெள்ளி. கூட்டினா 191.

நடந்தது இதுதான். ரசீதில் எண், பேர், தொகை, நேரம் எல்லாம் இருக்கும். தாளுக்குப் பேரும் தொகையும் போதும். அதனால ஒவ்வொரு ரசீதிலிருந்தும் அந்த ரெண்டை மட்டும் எடுக்க ஒரு வரி எழுதியிருந்தோம். பட்டியலா இருந்த வரைக்கும் அந்த வரி சரியா வேலை செஞ்சுது. செட்டுக்கு மாத்தினப்போ, விளைவும் இன்னொரு செட்டாவே வந்தது. எண்ணை எடுத்துட்டா ரெண்டு லெட்சுமிக்கும் வித்தியாசம் ஏது? 'லெட்சுமி, 10' ஏற்கெனவே இருக்கு என்று ரெண்டாவதை அது ஒதுக்கிடுச்சு. ஒரே ரசீது ரெண்டு தடவை வந்தா ஒதுக்கு என்று நாங்க அதைக் கொண்டு வந்தோம், அது ரெண்டு மனுஷங்களையும் ஒன்றாக்கிடுச்சு. செட் எல்லாத்தையும் வரிசைப்படுத்தித்தான் வச்சிருக்கும், அகர வரிசை வந்ததும் அதனாலதான். ஆடியில் மட்டும் பெரிசா தெரிஞ்சதுக்குக் காரணம் கூட்டம். கூட்டம் கூடக் கூட ஒரே பேரும் கூடும், எல்லாரும் கொடுக்கிறதும் அஞ்சு, பத்து, ஐம்பத்தொன்றுதானே.

இதில் எங்களுக்கு வலிக்கிற இடம் வேற. கம்பைலர் எங்களைத் தடுத்தது. பழைய வரியில் 'எஃப்மேப்' என்ற பொதுவான செயலைப் பயன்படுத்தியிருந்தோம். செட்டுக்கு மாத்தினதும் இங்கே அது செல்லாது என்று பிழை காட்டுச்சு. எஃப்மேப் எந்த வகைப் பொருளுக்கும் பொதுவா வேலை செய்யணும். செட்டுக்குள்ளே போறதை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்த முடியணும், அந்த உத்தரவாதம் எஃப்மேப்பில் கிடையாது. அதனால செட்டுக்கு என்று தனியா 'செட்.மேப்' இருக்கு. நாங்க பிழைச் செய்தியைப் பார்த்தோம், எஃப்மேப்பை அழிச்சு செட்.மேப் என்று போட்டோம், கம்பைல் ஆச்சு, வீட்டுக்குப் போயிட்டோம். அந்தச் செயலின் விளக்கக் குறிப்பிலேயே, விளைவாக வரும் செட் அளவில் சின்னதாகலாம் என்று எழுதியிருக்கு. அதை நாங்க படிச்சது அங்கிள் புத்தகத்தை மூடினதுக்கு அப்புறம்.

குவிக்செக் ஏன் நூறு மார்க் கொடுத்தது என்பதும் அன்னைக்கு ராத்திரியே புரிஞ்சுது. சோதனைக்குப் பேர் உருவாக்கும் வரியையும் நாங்கதான் எழுதினோம். எட்டு எழுத்தைக் கண்டபடி கோத்துப் பேர் வைக்கச் சொல்லியிருந்தோம். அப்படி வச்சா ஒரே பேர் ரெண்டு பேருக்கு எங்கே வரப்போகுது? நம்ம தாமானில் பேர் அப்படியா இருக்கு? அந்த வரியை மாத்தி லெட்சுமி, முனியம்மா, ராஜேந்திரன், முருகையா, சரஸ்வதி என்று அஞ்சே பேர், தொகைக்கு வழக்கமான அஞ்சாறு எண் என்று வச்சோம். சில நொடியில் உடைஞ்சுது. உடைஞ்சா அது சும்மா இருக்காது, பிழை காட்டுற மிகச் சின்ன உதாரணம் வரைக்கும் சுருக்கிக் காட்டும். ரெண்டே ரசீது. ரெண்டும் லெட்சுமி, ரெண்டும் 1 வெள்ளி. வர வேண்டியது 2, வந்தது 1.

திருத்தம் ஒரு நிமிஷ வேலை. செட்டை முதலில் பட்டியலா மாத்திட்டு அப்புறம் பேரையும் தொகையையும் எடுக்கணும், அவ்வளவுதான். பழைய கோப்புகள் எல்லாம் பத்திரமா இருந்ததால் சித்ரா பௌர்ணமிக்குப் பிறகான எல்லா வெள்ளிக்கும் தாளைத் திரும்ப எடுத்தோம். விடுபட்டிருந்த தொகை மொத்தம் 371 வெள்ளி. பொருளாளர் 'அடையாளம் தெரியாத வரவு' என்று வாராவாரம் எழுதி வச்சதைக் கூட்டினார். 371. அவர் பேனாவை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசல.

அடுத்த செயலவை கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னோம், குறிப்பேட்டில் பதிவாச்சு. அங்கிள் கூட்டத்துக்கு வரல. அதனால நாங்களும் பொருளாளரும் மடப்பள்ளிப் பின்பக்கம் போனோம். மன்னிப்புக் கேட்கணும்னு வழியெல்லாம் பேசி வச்சது அங்கே போனதும் மறந்துடுச்சு. "அங்கிள், நாங்க அன்னைக்கு யோசிக்காம இல்லைன்னு சொல்லிட்டோம்" என்று மட்டும் வந்தது. அவர் வெங்காயத்தைக் கீழே வைக்காமலே, "உங்க வயசுல நானும் ஒரு தந்தியைத் தப்பான வீட்டுல குடுத்திருக்கேன்" என்றார். என்ன தந்தி என்று கேட்க எங்களுக்குத் தைரியம் வரல. பொருளாளர் சாவியை நீட்டினார். "இந்த மூட்டை முடியட்டும், பார்க்கலாம்" என்றார்.

அது முடிஞ்சு ரெண்டு வெள்ளி ஆச்சு. இன்னும் அவர் கவுண்டருக்கு வரல. கோபமா என்று எங்களுக்குத் தெரியல, கேட்டா "வெங்காயம் யாரு உரிக்கிறது?" என்கிறார். சாவி பொருளாளரிடம் இருக்கு. அதுவரைக்கும் கவுண்டரில் நாங்கதான், பக்கத்தில் ஒரு 555 புத்தகம், பென்சிலோட.

இனிமே ரசீதில் பேரோட வீட்டு எண்ணும் கேட்போம், கோவிச்சுக்காதீங்க. ரெண்டு பேர் ஒரே பேரில் கொடுத்து மைக்கில் ஒரு தடவை மட்டும் படிச்சிருந்தா, அது உங்க பேர்தான் என்று நினைச்சு ரெண்டு பேருமே சந்தோஷமா போயிருப்பீங்க. அதனாலதான் ஒரு புகாரும் வரல. ஒரே ஒரு அம்மா மட்டும், காலையில் பத்து, சாயங்காலம் பத்து கொடுத்தேன், ஒரு தடவைதான் படிச்சாங்க என்று ஆனி மாசத்திலேயே சொன்னாங்க. "ஒரு தடவை படிச்சா போதும்மா" என்று சமாதானம் சொல்லி அனுப்பிட்டோம். அந்த அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டுக்கிறோம்.

திருத்தின தாள்கள் எல்லாம் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கு. விடுபட்ட பேர்கள் இந்த வெள்ளி இரவு பூஜைக்குப் பிறகு மைக்கில் படிக்கப்படும். லெட்சுமி என்று பேர் உள்ளவங்க எல்லாரும் அவசியம் வந்து ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க. ஏழு பேர் இருக்கீங்க.